கிளாரா பார்ட்டனும் அமைதிக்காலச் செஞ்சிலுவையும்

வெள்ளமோ புயலோ தாக்கிய இடத்தில் செஞ்சிலுவைச் சங்கத்தார் வந்து நிற்பது இன்று இயல்பாகத் தோன்றினாலும், 1863இல் ஜெனீவாவில் அவ்வியக்கம் உருவானபோது போரில் காயமுற்ற படைவீரர்களைப் பேணுவதே அதன் நோக்கமாக இருந்தது. அந்நோக்கத்தை இயற்கைப் பேரிடர்களுக்கும் விரித்தவர்களுள் முதன்மையானவர், முறையான செவிலியர் பயிற்சி ஏதும் பெறாத அமெரிக்கப் பெண்மணி கிளாரா பார்ட்டன்.

மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1821ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் பிறந்த அவர், நியூ ஜெர்சியின் போர்டன்டவுனில் கட்டணமில்லாப் பள்ளி ஒன்றைத் தொடங்கி வளர்த்தார். அதன் தலைமைப் பொறுப்பு ஓர் ஆணுக்கு வழங்கப்பட்டதும் அங்கிருந்து விலகி, வாஷிங்டனில் காப்புரிமை அலுவலக எழுத்தரானார். 1861இல், அடிமைமுறையைக் காக்கப் பிரிந்த தென் மாநிலங்களுக்கும் ஒன்றிய அரசுக்கும் இடையே உள்நாட்டுப் போர் மூண்டபோது, படைத்துறையால் உரிய காலத்தில் அனுப்ப இயலாத மருந்தையும் துணியையும் உணவையும் பொதுமக்களிடம் திரட்டிக் களத்துக்கே கொண்டுசெல்லும் பணியை அவர் மேற்கொண்டார். 1862 செப்டம்பர் 17 அன்று ஆன்டீட்டம் போர்க்களத்தில், கட்டுத்துணி தீர்ந்துபோனதால் காயங்களை மக்காச்சோளத் தோகையால் சுற்றிக்கொண்டிருந்த மருத்துவர்களிடம் அவருடைய வண்டி வந்துசேர்ந்தது. இருட்டிய பின்னும் அறுவை மருத்துவம் தொடர்வதற்கு அவர் கொண்டுவந்திருந்த லாந்தர் விளக்குகள் உதவின. அங்கு அவர் தாங்கிப் பிடித்திருந்த வீரரைக் கொன்ற குண்டு, பார்ட்டனின் சட்டைக் கையைத் துளைத்துச் சென்றது.

போர் முடிந்ததும், காணாமற்போன வீரர்களைத் தேடும் அலுவலகம் ஒன்றை நிறுவி, உறவினர் எழுதிய 63,000க்கும் மேற்பட்ட கடிதங்களைக் கையாண்டு, ஏறத்தாழ 22,000 பேரின் கதியை அவர் கண்டறிந்தார். ஜார்ஜியாவின் ஆண்டர்சன்வில் போர்க்கைதிகள் முகாமில் இறந்த சுமார் 13,000 பேரின் கல்லறைகளுக்குப் பெயர் பொறிக்கும் பணியிலும் அவர் பங்கேற்றார். கைதியாயிருந்த டோரன்ஸ் அட்வாட்டர் மறைவாகப் படியெடுத்து வைத்திருந்த இறப்புப் பட்டியலே அதற்கு அடிப்படையாயிற்று.

1869இல் உடல்நலம் தேடிச் சுவிட்சர்லாந்து சென்றபோது, காயமுற்றோரையும் அவர்களுக்கு மருத்துவம் செய்வோரையும் தாக்கலாகாது என வகுத்த 1864ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையில் தம் நாடு சேரவில்லை என்பதை அவர் அறிந்தார். இன்னொரு பெரும்போர் தங்கள் மண்ணில் நேராது என்று நம்பிய அரசினரிடம், தீயும் வெள்ளமும் போர் அறிவித்து வருவதில்லை என்ற நோக்கில் வாதாடி, 1881 மே 21 அன்று அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தை நிறுவினார். அடுத்த ஆண்டே அமெரிக்கா உடன்படிக்கையை ஏற்றது. அமைதிக்காலத் துயர்துடைப்பையும் இயக்கத்தின் பணியாக்கும் கருத்து 1884இல் ஜெனீவா மாநாட்டில் ஏற்கப்பட்டு, அமெரிக்கத் திருத்தம் என வழங்கலாயிற்று. 1889இல் அணை உடைந்து 2,200க்கும் மேற்பட்டோர் மாண்ட ஜான்ஸ்டவுனில், அறுபத்தேழு வயதில் ஐந்து மாதங்கள் தங்கி, வீடிழந்தோருக்கு உறைவிடம் எழுப்பினார்.

எல்லாவற்றையும் தம் கையிலேயே வைத்திருந்ததும், கணக்குகளைச் செவ்வனே பேணவில்லை என்ற குற்றச்சாட்டும் சங்கத்துள் பூசலை வளர்க்க, 1904இல் பதவி விலகிய அவர், 1912 ஏப்ரல் 12 அன்று மறைந்தார். நிர்வாகத்தில் அவர்மீது எழுந்த குறைகளை மறுப்பதற்கில்லை எனினும், பேரிடர் உதவியைத் தற்செயலான ஈகையாக விடாமல் நிலையான அமைப்பின் கடமையாக்கியதே அவருடைய தலையாய பங்களிப்பு எனலாம்.