கடற்கரை மீனவர் நில உரிமை

கடலோர மீனவ ஊர்கள் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்தும் தொழில் செய்தும் வரும் நிலத்தின் மீது அவற்றுக்குள்ள உரிமை. நிலம் அடிப்படை மனித உரிமையா என்ற விவாதம் தமிழகத்தில் வயலையும், தலித் மக்களுக்கென ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலத்தையும் சுற்றியே அதிகம் நடந்திருக்கிறது. புதுச்சேரிக்கு வடக்கே காலாப்பட்டு, கனகசெட்டிக்குளம் போன்ற கடலோர ஊர்களில் அதே கேள்வி மணலில் எழுகிறது.

மீனவருக்கு வீட்டு மனை மட்டும் போதாது. படகை ஏற்றி நிறுத்த, வலையைப் பரப்பிக் கிழிசல் பார்க்க, மீனை ஏலம் விட, கருவாடு காயவைக்க வெளி வேண்டும். அந்த வெளி ஊருக்கே பொது; தனியாருக்குப் பட்டா கிடையாது. வருவாய்த்துறைப் பதிவேட்டில் பெரும்பாலும் அது புறம்போக்கு. காலங்காலமான புழக்கம் அங்கே சான்றாக ஏற்கப்படாததுதான் சிக்கலின் வேர்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின் தமிழக அரசு, கரையிலிருந்து 200 மீட்டருக்குள் வீடு சேதமானவர்களுக்கு அந்த எல்லைக்கு வெளியே புது வீடு தர முன்வந்தது. பழைய மனையை அரசிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது நிபந்தனை. பாதுகாப்புக்காகச் செய்ததுதான். ஆனால் கடலைப் பார்த்து நேரம் கணிக்கும் தொழிலாளியைக் கரையிலிருந்து விலக்குவது அவர் பிழைப்பிலேயே கைவைப்பது. 2019-ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, மக்கள் நெருக்கமான ஊரகக் கரைகளில் கட்டுமானத் தடை எல்லையை 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகக் குறைத்தது. மீனவர் விலகிய கரையில் விடுதிகள் நெருங்கிவர இது வழிவிடுகிறது.

நிலமே கரைவது இன்னொரு இழப்பு. ஆண்டின் பெரும்பகுதி இக்கரையில் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். 1980-களின் இறுதியில் புதுச்சேரித் துறைமுகத்துக்குக் கட்டிய அலைத்தடுப்புகள் அதை மறித்ததால், வடக்கேயுள்ள மீனவ ஊர்களின் கரை அரிக்கப்பட்டது. கல் கொட்டித் தடுத்த இடத்தில் வீடு தப்பியது. படகு ஏற்ற மணல் இல்லை. இவ்விழப்பை ஈடுசெய்ய எந்தப் பட்டாவும் உதவாது.

இந்திய அரசமைப்பில் சொத்துரிமை 1978-இல் 44-ஆம் திருத்தத்தால் அடிப்படை உரிமைப் பட்டியலிலிருந்து நீங்கி, 300-அ பிரிவின்கீழ் சட்ட உரிமையாக நிற்கிறது. வாழ்வாதாரம் உயிர்வாழும் உரிமையில் அடங்கும் என்று 1985-இல் ஓல்கா டெல்லிஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. மீனவர் வாதத்துக்கு இதுவே வலுவான பிடி. 2018-இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற உழவர் உரிமைப் பிரகடனம் சிறுதொழில் மீனவரையும் சேர்த்து, நிலத்தையும் கடலோர நீரையும் தனியாகவோ கூட்டாகவோ பயன்படுத்தும் உரிமையை அறிவிக்கிறது. அந்தக் ‘கூட்டாக’ என்ற சொல்தான் ஊர்ப் பொதுக் கரைக்கு வேண்டியது. காட்டில் வாழ்வோரின் கூட்டுரிமையை ஏற்க 2006-இல் வன உரிமைச் சட்டம் வந்தது. அதே போன்ற சட்டம் மீனவருக்கும் வேண்டும் என்று 2009-இல் எம். எஸ். சுவாமிநாதன் தலைமையிலான குழு பரிந்துரைத்தது.