வாய் ஒருவருடையது, குரல் இன்னொருவருடையது

சிவகாசிப் பக்கம் யாராவது வாணவேடிக்கை விட்டால் தள்ளி நின்று பாருங்கள். முதலில் வானத்தில் பூ விரியும். அப்புறம்தான் ‘டமார்!’ சுமார் 340 மீட்டர் தூரத்தில் வெடித்தால் சத்தம் ஒரு விநாடி லேட்டாக வரும். ஒளியும் ஒலியும் தனித்தனி வண்டியில்தான் நம்மிடம் வந்து சேருகின்றன.

கல்யாண வீடியோ எடிட் செய்கிறவரிடம் இதைச் சொன்னால் சிரிப்பார். அவருடைய கம்ப்யூட்டர் திரையில் மேலே படத்துக்கு ஒரு வரி, கீழே சத்தத்துக்கு ஒரு வரி. கீழ்வரியைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தினால் பூவும் டமாரும் சேர்ந்துவிடும். மைக் பொம்மை போட்ட பட்டனை அமுக்கிவிட்டுப் பேசினால், புதுக் குரல் ஒன்று அடுத்த வரியில் வந்து உட்கார்ந்துகொள்ளும். அவ்வளவு சுலபம்!

குரலையும் முகத்தையும் இப்படிப் பிரிக்க முடியாத காலம் ஒன்று இருந்தது. அதே சிவகாசியில் 1886-ல் பிறந்தவர் விஸ்வநாததாஸ். நாடக நடிகர். முருகன் வேஷத்தில் மேடையேறி வெள்ளைக்காரனைக் கிண்டல் செய்து பாடுவார். போலீஸ் பிடித்துக்கொண்டு போகும். வெளியே வந்து மறுபடியும் பாடுவார். ‘பாடியது நானில்லை’ என்று அவர் சொல்ல முடியுமா? வாயும் குரலும் ஒரே உடம்பில் அல்லவா இருந்தன! 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் ‘வள்ளி திருமணம்’ நாடகம். மயில்மேல் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தவரின் உயிர் மேடையிலேயே பிரிந்தது. குரலும் உடம்பும் சேர்ந்தே ஓய்ந்தன.

சினிமாவோ அதற்கு முன்பே வேறு ரூட்டில் போக ஆரம்பித்திருந்தது. 1931-ல் ‘காளிதாஸ்’ வந்தபோது நடிக்கிறவரேதான் பாட வேண்டும். ஆனால், படம் ஒரு பிலிமில், ஒலி இன்னொரு பிலிமில் என்று தனித்தனியாகப் பதியும் முறை வந்ததும், ‘அடடே, ஒன்றை மட்டும் மாற்றலாமே!’ என்று சிலருக்குத் தோன்றியது. அவர்களில் ஒருவர் காரைக்குடி ஏ.வி. மெய்யப்பன். 1938-ல் ‘நந்தகுமார்’ படத்தில் நடித்தவர் ஒருவருக்காக லலிதா வெங்கட்ராமனைப் பாட வைத்தார். தமிழில் பின்னணி பாடும் வழக்கம் அப்படித்தான் பிறந்தது. 1944-ல் இன்னும் ஒரு படி மேலே போனார். கன்னடத்தில் எடுத்த ‘ஹரிச்சந்திரா’வுக்குத் தமிழ்க் குரல்கள் கொடுத்து வெளியிட்டார். இந்திய மொழி ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு டப்பிங் ஆன முதல் படம் என்று அதைத்தான் சொல்கிறார்கள்.

அடுத்தது 1945. விஸ்வநாததாஸ் கடைசியாக நடித்த அதே வள்ளி கதை. படம் ‘ஸ்ரீ வள்ளி’. முருகனாக டி.ஆர். மகாலிங்கம், வள்ளியாக குமாரி ருக்மணி. மகாலிங்கம் பாடியது பிரமாதம். ருக்மணியின் பாட்டுதான் செட்டியாருக்குத் திருப்தியாக இல்லை. பாடல்களை பி.ஏ. பெரியநாயகி குரலில் மறுபடி பதிவு செய்து, ருக்மணியின் வாயசைப்புக்குப் பொருத்தினார். படம் சக்கைப்போடு போட்டது.

வியாபாரக் கணக்கில் இது சரியான முடிவு. ஆனால், கணக்கில் வராத ஒன்று இருக்கிறது. ருக்மணி பாடிய அந்தப் பாடல்கள்? முகம் தங்கியது, குரல் போய்விட்டது.

அன்றைக்கு இதற்கு ஒரு ஸ்டூடியோவே தேவைப்பட்டது. இன்றைக்கு விருதுநகரில் ஒரு சின்ன வீடியோ கடை போதும். தாலி கட்டும் நேரத்தில் மேளச் சத்தத்தை எடுத்துவிட்டு சினிமாப் பாட்டு போடுகிறார்கள். பார்க்க ஜோராகத்தான் இருக்கும். போடட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. எடிட்டரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: “தம்பி, அந்தக் கீழ்வரியில் சத்தத்தைக் குறைச்சுக்கோ. அழிச்சுடாதே. எடுத்ததை அப்படியே ஒரு காப்பி கொடுத்துடு.”

சினிமாப் பாட்டு நாளைக்கும் எங்கேயாவது கிடைக்கும். தாலி ஏறும்போது பாட்டி போட்ட குலவை அந்த ஒரு வரியில் மட்டும்தான் இருக்கிறது.