மடியில் இருந்த திறவுகோல்



இஸ்ரவேலர் யோர்தானைக் கடந்தபோது, ஆற்றின் நடுவிலிருந்து 12 கற்களை எடுத்துவந்து கில்காலில் நாட்டினார்கள். பிற்காலத்தில் பிள்ளைகள் அக்கற்களைக் கண்டு காரணம் கேட்பார்கள். அப்பொழுது பெற்றோர் கர்த்தர் செய்ததைக் கதையாக எடுத்துரைக்க வேண்டும். அதற்காகவே அவை நாட்டப்பட்டன (யோசுவா 4). கேட்கும் பிள்ளையும் சொல்லும் பெற்றோரும் இல்லாதபோது, அவை வெறும் கற்களே. இந்த வாரம், கதையினால் விசுவாசம் எவ்வாறு வேரூன்றியது என்பதை வரலாற்றின் ஒரு பக்கத்திலிருந்து தியானிப்போம்.

ஜான் பனியன் 1628-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பெட்போர்டுக்கு அருகிலுள்ள எல்ஸ்டோ என்னும் சிற்றூரில் பிறந்தார். ஓட்டைப் பாத்திரங்களைச் செப்பனிடுவதே அவருடைய தொழில். ஒருநாள் பெட்போர்டு தெருவில், ஏழைப் பெண்கள் மூன்று நான்கு பேர் வாசலில் வெயிலில் அமர்ந்து பேசிக்கொண்டிருந்தனர். தேவன் தங்கள் இருதயங்களில் செய்ததை ஒருவருக்கொருவர் சொல்லி மகிழ்ந்தனர். மார்க்கக் காரியங்களைச் சாமர்த்தியமாகப் பேசத் தெரிந்த பனியன், அவர்களுக்கு இருந்தது தமக்கு இல்லை என்பதை அங்கேதான் உணர்ந்தார். அவரை அசைத்தது பிரசங்க பீடத்தின் சொற்பொழிவன்று. வாசற்படியில் சொல்லப்பட்ட சாட்சியே.

பின்னாளில் அவர் பிரசங்கியானார். அரச சபையின் அனுமதியின்றிக் கூட்டம் நடத்தியதற்காக 1660-இல் சிறையில் அடைக்கப்பட்டார். இனிப் பிரசங்கிப்பதில்லை என்று வாக்களித்தால் விடுதலை கிடைத்திருக்கும். அவர் அதற்கு இணங்கவில்லை. 12 ஆண்டுகள் சிறையில் கழிந்தன. காலணிக் கயிறுகளுக்கு உலோக முனை பொருத்தி விற்று, சிறைக்குள்ளிருந்தே குடும்பத்தைத் தாங்கினார். பார்வையற்ற தம் மகள் மேரியை நினைத்தபோது அவருடைய உள்ளம் உடைந்தது. வீரம் பேசுவது எளிது. அந்தப் பிள்ளையின் முகத்தை நினைத்துக்கொண்டு உறுதியாக நிற்பது எளிதன்று.

அத்தகைய மனிதரிடமிருந்து 1678-இல் வெளிவந்ததே, நாம் 'மோட்சப் பிரயாணம்' என்று அறிந்திருக்கும் நூல். அதை அச்சிடலாமா என்பதில் அவருடைய நண்பர்களே இரண்டுபட்டனர். பரிசுத்த சத்தியத்தைக் கற்பனைக் கதையாக எழுதுவது தகுமா என்பதே சிலருடைய தயக்கம். வேதாகமமே உவமைகளாலும் நிழல்களாலும் சத்தியத்தைப் போதிக்கிறது என்று பனியன் தம் முன்னுரையில் பதிலளித்தார். தாவீது தன் பாவத்தைக் கண்டதும் நாத்தான் சொன்ன ஒரு கதையினால்தான் அல்லவா? சட்டத்தை அறிந்திருந்த அரசன், ஏழையின் ஆட்டுக்குட்டியின் கதையில்தான் தன்னைக் கண்டான்.

அந்நூலில் ஓர் இடம் என்னை எப்போதும் நிறுத்திவைக்கும். வழிதவறிய கிறிஸ்தியானும் அவனுடைய தோழனும் சந்தேகக் கோட்டையில் அடைபடுகிறார்கள். அவநம்பிக்கை என்னும் இராட்சதன் அவர்களை அடித்து நொறுக்குகிறான். இரவெல்லாம் ஜெபித்தபின், விடியுமுன் கிறிஸ்தியானுக்கு ஒன்று நினைவுக்கு வருகிறது: வாக்குத்தத்தம் என்னும் திறவுகோல் அத்தனை நாளும் தன் மடியிலேயே இருந்தது! தேவனுடைய வாக்குத்தத்தத்தைப் பற்றிக்கொள்ளுங்கள் என்று நான் பலமுறை போதித்திருக்கிறேன். ஆயினும் துயரத்தில் இருக்கும் ஒருவருக்கு, அந்த அறிவுரையைவிட அந்தத் திறவுகோலே நினைவில் நிற்கும். சிறைக் கதவு திறவாத ஆண்டுகளை அறிந்த ஒருவர் எழுதியதால், அதற்கு அத்தனை பாரம் உண்டு.

அக்கதை நம் மண்ணிலும் வேரூன்றியது. 1827-இல் நெல்லைச் சீமையின் கரையிருப்பில் வைணவக் குடும்பத்தில் பிறந்த எச். ஏ. கிருஷ்ணபிள்ளை, 1858-இல் ஞானஸ்நானம் பெற்றார். கம்பனில் தோய்ந்த அப்புலவர் பனியனின் கதையை அப்படியே பெயர்த்து வைக்கவில்லை. தமிழ்க் காப்பிய மரபில் அதை மீண்டும் பாடினார். இரட்சகரின் பாடுகளையும் விரித்துரைத்தார். இடையிடையே தேவாரங்களையும் அமைத்தார். 1894-இல் 'இரட்சணிய யாத்திரிகம்' வெளிவந்தது. பெட்போர்டின் பாத்திரக்காரர் கண்ட பாதையில், நெல்லைப் புலவர் தம் சொந்த மொழியில் நடந்தார்.

பிரியமானவர்களே, நம் வீடுகளில் வேதவசனம் சுவரில் தொங்குகிறது. ஆனால் நம் குடும்பத்திற்குள் சுவிசேஷம் எப்படி வந்தது, எந்த இருளில் கர்த்தர் நம்மைத் தாங்கினார் என்பதை நம் பிள்ளைகள் அறிவார்களா? வெற்றிகளை மட்டும் சொல்ல வேண்டாம். சந்தேகக் கோட்டையில் கிடந்த இரவையும் சொல்லுங்கள். அதுபோன்ற இரவு அவர்களுக்கும் வரும். அன்று அவர்கள் தங்கள் மடியைத் தடவிப் பார்க்க, உங்கள் கதை நினைவூட்டும்.

இந்த ஞாயிறு மாலை, உண்டு முடித்தபின் கைப்பேசிகளை ஒதுக்கிவைத்து, ஒரு கதையையாவது சொல்லுங்கள். நம்மை வழிநடத்தின தேவன், சொல்லுகிற நாவையும் கேட்கிற செவியையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.