பூட்டிய கதவுக்கு யார் பொறுப்பு? - டிரையாங்கிள் தொழிற்சாலை வழக்கு

1911 மார்ச் 25, சனிக்கிழமை. நியூயார்க் நகரின் ஆஷ் கட்டடத்தில் வேலை முடிகிற நேரம். பத்து தளங்கள் கொண்ட அந்தக் கட்டடத்தின் மேல் மூன்று தளங்களில் 'டிரையாங்கிள்' என்ற தையல் தொழிற்சாலை இயங்கி வந்தது. பெண்கள் அணியும் மேல்சட்டைகள் அங்கே தைக்கப்பட்டன. மாலை 4.40 மணியளவில் எட்டாவது தளத்தில், துண்டுத்துணி போட்டு வைக்கும் பெட்டியில் தீப்பிடித்தது. அரை மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இறந்தவர்கள் 146 பேர். பெரும்பாலோர் இத்தாலியிலிருந்தும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் பிழைக்க வந்த இளம்பெண்கள்.

தீ பிடித்த எட்டாவது தளத்தில் இருந்தவர்களில் பெரும்பாலோர் தப்பிவிட்டார்கள். பத்தாவது தளத்துக்குத் தொலைபேசியில் தகவல் போனது. அங்கே இருந்த முதலாளிகள் மாக்ஸ் பிளாங்க், ஐசக் ஹாரிஸ் இருவரும் மொட்டைமாடி வழியாகப் பக்கத்துக் கட்டடத்துக்குப் போய் உயிர் பிழைத்தார்கள். நடுவில் இருந்த ஒன்பதாவது தளத்துக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை!

அந்தத் தளத்தில் படிக்கட்டுக்குப் போக இரண்டு கதவுகள். ஒரு பக்கம் தீ சூழ்ந்துகொண்டது. மறுபக்கம், வாஷிங்டன் பிளேஸ் தெருப் பக்கக் கதவு பூட்டியிருந்தது. வெளிப்புற இரும்பு ஏணி பாரம் தாங்காமல் சரிந்து விழுந்தது. தீயணைப்பு வண்டியின் ஏணியோ ஆறாவது தளம் வரைதான் எட்டியது. பல பெண்கள் ஜன்னல் வழியாகக் குதித்தார்கள்.

கதவை ஏன் பூட்ட வேண்டும்? வேலை முடிந்து போகும் பெண்கள் சட்டையையோ துணியையோ திருடிக்கொண்டு போகிறார்களா என்று கைப்பையைத் திறந்து பார்ப்பது அங்கே வழக்கம். எல்லோரும் ஒரே வாசல் வழியாகப் போனால்தானே சோதிக்க முடியும்? அதற்காகத்தான் மற்றக் கதவுக்குப் பூட்டு.

வழக்கு

வேலை நேரத்தில் தொழிற்சாலைக் கதவுகளைப் பூட்டி வைக்கக்கூடாது என்று நியூயார்க் மாநிலச் சட்டம் அப்போதே சொல்லியிருந்தது. ஆனால் அதை மீறுவது ஒரு சில்லறைக் குற்றம்தான். அப்படியொரு சிறு குற்றத்தைச் செய்யும்போது அதனால் ஓர் உயிர் போனால், அது 'மேன்ஸ்லாட்டர்' எனப்படும் மரணம் விளைவித்த குற்றமாகிவிடும். இந்தப் படியில் ஏறித்தான் அரசுத் தரப்பு முதலாளிகளைப் பிடிக்கப் பார்த்தது.

1911 டிசம்பர் 4 அன்று விசாரணை தொடங்கியது. உயிர் தப்பியவர்கள் பலர் வந்து, கதவு திறக்கவில்லை என்று சாட்சி சொன்னார்கள். இடிபாடுகளில் கிடைத்த பூட்டும் நீதிமன்றத்துக்கு வந்தது. முதலாளிகளுக்காக வாதாடியவர் மாக்ஸ் ஸ்டூயர் என்ற கெட்டிக்கார வழக்கறிஞர். கேட் ஆல்டர்மன் என்ற பெண் தன் கண்முன்னே தோழி இறந்ததைச் சொல்லி முடித்ததும், அவர் அதட்டவில்லை, மிரட்டவில்லை. "இன்னொரு முறை சொல்லுங்கள்" என்றார். பிறகு மறுபடியும் சொல்லச் சொன்னார். அந்தப் பெண் ஏறக்குறைய அதே சொற்களில் திரும்பச் சொன்னாள். யாரோ சொல்லிக்கொடுத்து மனப்பாடம் செய்த சாட்சி இது என்ற எண்ணம் ஜூரிகள் மனதில் விழுந்துவிட்டது.

திருட்டில் எவ்வளவு நஷ்டம் என்று அரசு வழக்கறிஞர் கேட்டபோது, அது 25 டாலரைத் தாண்டாது என்று ஹாரிஸே ஒப்புக்கொண்டார். இருந்தும் வழக்கு வேறு இடத்தில் முறிந்தது. கதவு பூட்டியிருந்தது என்று நிரூபித்தால் மட்டும் போதாது, அந்த நேரத்தில் அது பூட்டியிருந்தது முதலாளிகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்றார் நீதிபதி. டிசம்பர் 27 அன்று ஜூரிகள் இரண்டு மணி நேரத்துக்குள் முடிவுக்கு வந்தார்கள். இருவரும் விடுதலை! கதவு பூட்டியிருந்ததை நம்பியதாகவும், முதலாளிகளுக்கு அது தெரியும் என்பதில்தான் உறுதி வரவில்லை என்றும் ஜூரிகளில் ஒருவர் பிறகு சொன்னார்.

1913-ல் இதே பிளாங்க், வேறொரு தொழிற்சாலையில் கதவைப் பூட்டி வைத்ததற்காக மீண்டும் பிடிபட்டார். அபராதம் 20 டாலர். 1914-ல் சிவில் வழக்குகள் சமரசத்தில் முடிந்தன. ஓர் உயிருக்குக் கிடைத்தது 75 டாலர்.

தீ மாற்றியதும் மாற்றாததும்

தீர்ப்பு கைவிட்டாலும் மக்களின் கோபம் வீணாகவில்லை. ராபர்ட் வாக்னர், அல் ஸ்மித் தலைமையில் 1911-லேயே தொழிற்சாலை விசாரணைக் குழு அமைந்தது. தீத்தடுப்பு ஒத்திகை, தானாக நீர் தெளிக்கும் கருவி, வெளியேறும் வழி என்று அடுத்த சில ஆண்டுகளில் பல சட்டங்கள் வந்தன. அந்தத் தீயை நேரில் பார்த்த பிரான்சிஸ் பெர்க்கின்ஸ் குழுவின் பணியில் பங்கேற்றார். 1933-ல் அவர் அமெரிக்காவின் தொழிலாளர் துறைக்குப் பொறுப்பேற்றார்.

ஆனால் பூட்டு போகவில்லை. 1991 செப்டம்பர் 3 அன்று வட கரோலினா மாநிலத்தின் ஹாம்லெட் நகரில், கோழி இறைச்சி பதப்படுத்தும் ஆலை ஒன்றில் தீப்பிடித்து 25 பேர் இறந்தார்கள். அங்கேயும் கதவுகள் பூட்டியிருந்தன. காரணமும் அதே திருட்டுப் பயம்தான்! ஒரே வித்தியாசம், கதவைப் பூட்டச் சொன்னதே உரிமையாளர் எம்மெட் ரோதான் என்பது விசாரணையில் தெரிய வந்தது. அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். கிட்டத்தட்ட 20 ஆண்டு சிறைத்தண்டனை கிடைத்தது. ஆனால் ஐந்து ஆண்டுகளுக்குள் வெளியே வந்துவிட்டார்.

இரண்டு வழக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று புரியும். பூட்டு ஒன்றுதான், சாவும் ஒன்றுதான். முதலாளிக்குத் தெரியும் என்று காட்ட முடிந்த இடத்தில் சிறை. காட்ட முடியாத இடத்தில் விடுதலை. அப்படியானால் எதையும் தெரிந்துகொள்ளாமல் இருப்பதே முதலாளிக்கு நல்ல பாதுகாப்பு என்றல்லவா ஆகிறது? சட்டம் கேட்க வேண்டியது "உனக்குத் தெரியுமா?" என்பதை அல்ல. "தெரிந்து வைத்திருக்க வேண்டியது உன் கடமை இல்லையா?" என்பதைத்தான். அந்தக் கேள்வியை 1911-ல் யாராவது கேட்டிருந்தால், ஒன்பதாவது தளத்தின் கதவுக்குப் பதில் சொல்ல ஓர் ஆள் இருந்திருப்பார்.