வாங்குவதா, வளர்ப்பதா: கொங்கு வட்டாரக் கிரிக்கெட்டை முன்வைத்து

ஓர் அணியை இளைஞர்களைக் கொண்டு படிப்படியாகக் கட்டுவதா, பெயர்பெற்ற ஆட்டக்காரர்களைப் பணம் கொடுத்துச் சேர்ப்பதா என்பது தொழில்முறை விளையாட்டில் நெடுநாளாக நடக்கும் வழக்கு. அமெரிக்கப் பேஸ்பாலில் இதற்குத் தெளிவான சான்றுகள் உண்டு. ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் அணி 2011, 2012, 2013 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் நூற்றுக்கு மேற்பட்ட ஆட்டங்களில் தோற்றது. கடைசி இடத்துக்கு வரும் அணிக்கே புதிய இளைஞர்களை முதலில் தேர்ந்துகொள்ளும் உரிமை அங்கே அப்போது கிடைத்தது. அப்படிச் சேர்த்த இளைஞர்களை வளர்த்து 2017-இல் அது பட்டம் வென்றது. எதிரணியின் சைகைகளைக் கேமரா வழியே திருடியது பின்னர் வெளிப்பட்டதால் அந்தப் பட்டத்தின் மேல் கறை படிந்திருக்கிறது. ஆயினும் இளைஞர்கள் தேறியது உண்மை. மறுபுறம், 2023-இல் எல்லா அணிகளையும்விட அதிகச் சம்பளம் கொடுத்த நியூயார்க் மெட்ஸ், அடுத்த சுற்றுக்குக்கூடத் தகுதி பெறவில்லை.

இந்தியாவில் இக்கேள்வி வேறு வடிவம் கொள்கிறது. இங்கே அணிகள் ஏலத்தில் உருவாகின்றன. ஒவ்வோர் அணியும் செலவிடக்கூடிய மொத்தத் தொகைக்கு உச்சவரம்பு உண்டு. ஆகவே பணக்கார அணி, ஏழை அணி என்ற வேறுபாடு பெரிதாக எழுவதில்லை. ஒரே அளவுப் பணத்தை யார் எப்படிப் பங்கிடுகிறார் என்பதில்தான் வேறுபாடு. இச்சூழலில் ஆட்டக்காரரின் வயதோ விலையோ அணியின் தலைவிதியைத் தீர்மானிப்பதில்லை. ஒருவரை அணி எத்தனை காலம் தன்னிடம் வைத்துப் பழக்குகிறது என்பதே தீர்மானிக்கிறது. இதுவே இக்கட்டுரையின் வாதம். கொங்கு வட்டாரத்தின் அண்மைக்கால அனுபவம் இதற்கு நல்ல சான்று.

முதலில் தங்கராசு நடராஜன். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் ஆடி வளர்ந்தவர். எடை குறைந்த அந்தப் பந்தில் வேகத்தை மட்டும் நம்பினால் அடி விழும். மட்டையாளரின் காலடியில் பந்தைக் குத்தும் யார்க்கரே அங்கே தற்காப்பு. அதைத் தவறாமல் வீசும் பழக்கம் ஊர்ப் போட்டிகளில் அவருக்குக் கைவந்தது. உள்ளூர் வழிகாட்டி ஜெயப்பிரகாஷின் தூண்டுதலால் சென்னைக்குச் சென்று, நான்காம் டிவிஷன் லீக்கில் தொடங்கி மேலே வந்தார். 2015-இல் ரஞ்சிக் கோப்பையில் அறிமுகமான பிறகு அவருடைய பந்துவீச்சு முறை மீது ஐயம் எழுந்தது. அதைத் திருத்திக்கொண்டு மீண்டும் வந்து, 2016-இல் தொடங்கிய தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் திண்டுக்கல் அணிக்காக வீசிய யார்க்கர்களால் கவனம் பெற்றார்.

அதன் பின் நடந்தவை கூர்ந்து பார்க்கத்தக்கவை. 2017 ஐ.பி.எல். ஏலத்தில் 10 லட்சம் ரூபாய் அடிப்படை விலையில் நின்ற அவரைப் பஞ்சாப் அணி 3 கோடிக்கு எடுத்தது. அந்தப் பருவத்தில் அவர் எடுத்த விக்கெட்டுகள் இரண்டு. பஞ்சாப் அவரை விட்டுவிட்டது. அடுத்த ஆண்டு ஐதராபாத் அணி 40 லட்சத்துக்கு வாங்கியது. 2018, 2019 இரண்டு பருவங்களிலும் அவருக்கு ஓர் ஆட்டம்கூடத் தரப்படவில்லை. ஆனால் அணி அவரைக் கைவிடவும் இல்லை. முத்தையா முரளிதரன் பந்துவீச்சுப் பயிற்சியாளராக இருந்த அந்த வலைப்பயிற்சியில் அவர் காத்திருந்தார். 2020-இல் 16 விக்கெட் எடுத்தார். அவ்வாண்டு இறுதியில் வலைப்பந்து வீச்சாளராக ஆஸ்திரேலியா சென்று, ஒரே பயணத்தில் மூன்று வகை ஆட்டங்களிலும் இந்தியாவுக்காக அறிமுகமானார். 2025 பருவத்துக்கு டெல்லி அணி அவருக்குக் கொடுத்த விலை 10.75 கோடி, ஆடக் கிடைத்தவை இரண்டே ஆட்டங்கள். ஒரே கை, ஒரே யார்க்கர். விலை மிகக் குறைவாகவும் காத்திருப்பு மிக நீளமாகவும் இருந்த இடத்தில்தான் பலன் விளைந்தது.

அணி அளவில் பார்த்தால் கோவை கிங்ஸின் 2023-ஆம் ஆண்டுப் பருவம் முதன்மையானது. அதுவரை தேர்வுச் சுற்று முறையில் ஆட்டக்காரர்களைப் பங்கிட்டு வந்த தமிழ்நாடு பிரீமியர் லீக், அவ்வாண்டு முதன்முறையாக ஏலத்துக்கு மாறியது. அணி ஒன்றுக்கு 70 லட்சம் ரூபாய் வரம்பு. கோவை அணி சாய் சுதர்சனுக்காக 21.6 லட்சம் கொடுத்தது, ஐ.பி.எல்.லில் அவர் அப்போது பெற்ற 20 லட்சத்தைவிட இது அதிகம். கையிருப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஒருவருக்கே போனது. செலவு வீணாகவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்: ஆறு இன்னிங்ஸில் அவர் 371 ரன் குவித்தார். ஆனால் இந்திய 'ஏ' அணியோடு இலங்கை செல்ல வேண்டியிருந்ததால் இறுதியாட்டத்தில் அவர் இல்லை. திருநெல்வேலியில் நடந்த அந்த ஆட்டத்தில் சுரேஷ்குமார், முகிலேஷ், அதீக் உர் ரஹ்மான் மூவரும் அரைச்சதம் அடிக்க, ஷாருக்கான் தலைமையிலான கோவை 104 ரன் வித்தியாசத்தில் நெல்லையை வென்றது. விலையுயர்ந்த ஆட்டக்காரர் லீக் சுற்றில் கைகொடுத்தார். கோப்பையைக் கொண்டுவந்தது பழகிய கூட்டம்.

கபடியிலும் இதே பாடம் இன்னும் கடுமையாகக் கிடைத்தது. தமிழ் தலைவாஸ் அணி 2022-இல் பவன் செராவத்தை அன்றைய சாதனை விலையான 2.26 கோடிக்கும் மேல் கொடுத்து வாங்கியது. முதல் ஆட்டத்திலேயே அவர் காயமுற்று அந்தப் பருவம் முழுவதையும் இழந்தார். எஞ்சியவர்கள் பெரும்பாலும் அறிமுகமில்லாத இளைஞர்கள். நரேந்தர் என்ற புதியவர் ரெய்டுப் பொறுப்பைத் தோளில் ஏற்றார். பயிற்சியாளர் அஷன் குமாரின் வழிகாட்டலில் அணி அதன் வரலாற்றில் முதன்முறையாக அரையிறுதி கண்டு, புனேரி பல்தானிடம் 37-39 என்ற கணக்கில் தோற்றது. அடுத்த ஏலத்தில் செராவத்தை இன்னும் அதிகமாக, 2.6 கோடி கொடுத்து வாங்கிய தெலுங்கு டைட்டன்ஸ் கடைசி இடத்தில் முடிந்தது. அந்தப் பருவப் பட்டத்தை வென்ற புனேரி, அஸ்லம் இனாம்தார், மோஹித் கோயத் போன்ற இளைஞர்களைச் சில ஆண்டுகள் ஒன்றாக வைத்து ஆடவிட்டு, அதன் பிறகே ஈரானின் ஷாத்லூயிக்காக 2.35 கோடி செலவிட்டது. பெருஞ்செலவு தன்னளவில் தவறன்று. கட்டி முடித்த அணியில் இருக்கும் ஒரே குறையைத் தீர்க்க அது உதவும். அடித்தளமே இல்லாத அணிக்கு எத்தனை கோடியும் போதாது.

இங்கே ஒரு குழப்பத்தை விலக்க வேண்டும். இளைஞர்களை வாங்குவதும் இளைஞர்களை வளர்ப்பதும் ஒன்றல்ல. 2025-இல் முதன்முறையாக ஐ.பி.எல். பட்டியலின் அடியில் முடிந்த சென்னை சூப்பர் கிங்ஸ், மூத்தவர்களை நம்பும் தன் பழைய வழியை விட்டு, அவ்வாண்டு டிசம்பர் ஏலத்தில் பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மா என்ற இரு இளைஞர்களுக்குத் தலா 14.2 கோடி கொடுத்தது. இருவரும் அதுவரை இந்தியாவுக்கு ஆடாதவர்கள். இதை 'இளமையின் பாதை' என்று பலர் வரவேற்றனர். உண்மையில் இது பழைய ஏலப் பழக்கமே. வாங்கப்படுவோரின் வயது மட்டும் குறைந்திருக்கிறது. நடராஜனுக்கு ஐதராபாத் தந்த இரண்டு அமைதியான ஆண்டுகளை 14 கோடி விலை பெற்ற இளைஞருக்கு எந்த அணியும் எளிதில் தராது. முதல் ஆட்டம் முதலே அந்த விலை அவர் மீது ஏறி நிற்கும்.

அணிகள் ஏன் காத்திருப்பதில்லை? விதிகளே அதற்கு இடங்கொடுப்பதில்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கும் பெரிய ஏலத்தில் விரல்விட்டு எண்ணத்தக்கவர்களைத் தவிர அனைவரும் கலைக்கப்படுகின்றனர். ஓர் அணி மூன்றாண்டுகள் உழைத்துத் தேற்றிய இளைஞரை நான்காம் ஆண்டு வேறோர் அணி தூக்கிச் செல்லலாம்; வளர்த்த அணிக்கு ஈடு எதுவும் இல்லை. விதைத்தவருக்கு அறுவடையில் பங்கில்லை என்றால் யாரும் விதைக்கமாட்டார். ஆஸ்ட்ரோஸ் போன்ற அணிக்குத் தான் தேர்ந்த இளைஞர் மீது பல ஆண்டு உரிமை இருந்தது. அந்த உரிமையே அதைப் பொறுமையாக இருக்கச் செய்தது.

கொங்கு நாட்டின் நிலை இதனால் இன்னும் கவனத்துக்குரியது. தமிழ்நாடு பிரீமியர் லீக்கின் எட்டு அணிகளில் கோவை, திருப்பூர், சேலம் என மூன்று இவ்வட்டாரத்தின் பெயரைத் தாங்குகின்றன. கோவை 2022-இல் மழையால் பட்டத்தைச் சேப்பாக்கத்துடன் பகிர்ந்தது, 2023-இல் தனித்து வென்றது. திருப்பூர் 2025 இறுதியாட்டத்தில் திண்டுக்கல்லை 118 ரன் வித்தியாசத்தில் வீழ்த்தியது. வாழப்பாடியில் 2020-இல் திறக்கப்பட்ட மைதானமும், சின்னப்பம்பட்டியில் நடராஜன் தம் ஊருக்காக அமைத்து 2023-இல் திறந்த மைதானமும் இளைஞர்கள் முறையாகப் பழக இடம் தந்திருக்கின்றன. ஒரு நடுத்தர ஐ.பி.எல். ஆட்டக்காரரின் ஒரு பருவ விலையில் இத்தகைய வசதிகள் பலவற்றை உருவாக்கலாம். ஆயினும் இவ்வட்டாரத்து இளைஞர் தேற வேண்டுமானால் இன்றும் சென்னை லீக்குக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. கோவைக்கும் சேலத்துக்கும் நடுவில் உள்ள ஈரோட்டுக்குத் தனி அணியும் கிடையாது.

ஆகவே மாற்றம் அணிகளின் மனப்போக்கில் அன்று, விதியில் தொடங்க வேண்டும். ஒரு மாவட்டத்து அணி தன் பயிற்சிக் களத்தில் குறைந்தது மூன்றாண்டுகள் வளர்த்த ஆட்டக்காரரை ஏலத்துக்கு வெளியே தக்கவைக்கும் உரிமையைத் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கம் வழங்க வேண்டும்; அவர் வேறிடம் போனால் விலையில் ஒரு பங்கு வளர்த்த அணிக்குச் சேர வேண்டும். ஈரோடு, நாமக்கல், கரூர் மாவட்டங்களின் இளைஞர்களை அருகிலுள்ள மூன்று அணிகளும் பொறுப்பேற்றுக்கொள்ள அதுவே வழி.