தோல் பதனிடும் அறிவு யாருடையது?

'புத்தாக்கம்' என்றதும் ஆய்வுக்கூடமும் கணினியும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. சுண்ணாம்புக் குழியில் ரோமம் நீக்கி, ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறவைத்து, அழுகும் தோலை அழுகாத பொருளாக மாற்றிய நம் முன்னோரின் அறிவை யாரும் அப்படி அழைத்ததில்லை. அது வேதியியல். சாதி அதற்கு வைத்த பெயர் தீட்டு.

1903இல் சென்னையில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்ற ஆங்கிலேயப் பொறியியல் பேராசிரியர், அரசுப் பணத்தில் குரோம் முறையில் தோல் பதனிடும் சோதனைகளைத் தொடங்கினார். பட்டையில் பதனிட்ட தோல் தண்ணீரில் விரைவில் கெடும். குரோம் தோல் தாங்கும். எனவே கிணற்றுப் பாசனத்தில் கவலை இறைக்கும் தோல் சாலுக்கு அது பொருத்தமாக இருந்தது. உள்ளூர்த் தேவை, உள்ளூர் மூலப்பொருள், அரசு ஆதரவு மூன்றும் சேர்ந்த முயற்சி அது. ஆனால் அரசே தொழில் நடத்துவதை ஐரோப்பிய வணிகர்கள் எதிர்த்தார்கள். 1910இல் இந்தியாவுக்கான அமைச்சர் மார்லியும் அதை ஏற்க மறுத்தார். தொழிற்கூடம் கைமாறியது.

விடுதலைக்குப் பின், 1948இல் சென்னையில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் அமைந்தது. நாயுடம்மா போன்ற அறிவியலாளர்கள் அதை வளர்த்தார்கள். 1970களில் அரைகுறையாகப் பதனிட்ட தோலின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி, காலணி போன்ற முழுமையான பொருட்களை அரசு ஊக்குவித்தது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை உலகச் சந்தைக்குப் போயின. கொள்கை வென்றது. ஆனால் ஆலைகளின் உரிமை பெரும்பாலும் முதல் வைத்திருந்த வணிகச் சமூகங்களிடமே இருந்தது. குழியும் ஈரத்தோலும் நம்மிடம் இருந்தன.

இழப்பு மட்டும் பொதுவானது. பாலாற்றங்கரை நிலமும் கிணறும் கெட்டன. 1996இல் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். அதன் பிறகும், 2015 ஜனவரியில் ராணிப்பேட்டையில் தோல் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் இறந்தார்கள்.

தோழர்களே, தொழில்நுட்பம் வந்தால் சாதி தானாகக் கரையும் என்று நமக்குச் சொல்லப்படுகிறது. குரோம் வந்து நூறாண்டு கடந்தும் அப்படி நடக்கவில்லை. அரசு முதல் கொடுத்தது, ஆய்வு செய்தது, சந்தை திறந்தது. உரிமையை மட்டும் பகிரவில்லை.

2023இல் தமிழக அரசு கொண்டுவந்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம், பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோருக்கு 35 விழுக்காடு முதலீட்டு மானியம் தருகிறது. உச்சவரம்பு ஒன்றரைக் கோடி ரூபாய். இது சலுகை அல்ல, நம் நெடுநாள் பாக்கியில் ஒரு தவணை. மாவட்டத் தொழில் மையத்துக்குப் போவோம். விண்ணப்பித்தவர் எத்தனை பேர், வங்கி திருப்பி அனுப்பியது எத்தனை என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்போம். அந்தக் கணக்கு நம் கையில் இருந்தால்தான் அடுத்த கொள்கை எழுதப்படும்போது நாம் பேச முடியும்.