ஆண்டுக்கு ஒரு குல்டன்

தென் ஜெர்மனியின் அவுக்ஸ்பூர்க் நகரில், மதிலும் வாயில்களும் சூழ, ஒரு சிற்றூர் போலவே அமைந்த குடியிருப்பு ஒன்று உண்டு. மஞ்சள் பூச்சுச் சுவர்களும் பச்சை நிறச் சாளரக் கதவுகளுமாய் வரிசையாக நிற்கும் 67 வீடுகள். ஓரத்தில் புனித மாற்கு பெயரால் ஒரு சிற்றாலயம். 'ஃபுக்கெராய்' என்பது அதன் பெயர். அங்குக் குடியிருப்போர் செலுத்தும் வாடகை ஆண்டுக்கு ஒரு ரைன் குல்டன். 1521-இல் வகுக்கப்பட்ட அத்தொகை இன்றளவும் உயர்த்தப்படவில்லை. இக்கால நாணயத்தில் 88 யூரோ சென்ட். நம் ஊரில் ஒரு வேளைச் சாப்பாட்டின் விலை.

இதைக் கட்டியவர் துறவியும் அல்லர், புனிதரும் அல்லர். 'செல்வர்' என்ற பட்டத்துடனேயே வரலாற்றில் நின்றுவிட்ட வணிகர் யாக்கோபு ஃபுக்கர் (1459–1525). முதுமைக்குச் சேர்த்து வைப்பதா, இருக்கும் நாளை மகிழ்ந்து வாழ்வதா என்று நம் குடும்பங்களில் எழும் வழக்கைக் கேட்கும்போதெல்லாம் இம்மனிதர் என் நினைவுக்கு வருகிறார்.

இளமையில் குருத்துவப் பணிக்கெனக் குறிக்கப்பட்டவர் அவர். ஹெரீடன் என்னும் ஊர் ஆலயத்தில் அவருக்கென மானியமும் இருந்தது. அதை விட்டுக் குடும்ப வணிகத்தில் இறங்கினார். டிரோல் நாட்டு வெள்ளியும் ஹங்கேரி நாட்டுச் செம்பும் அவர் வசமாயின. 1505-இல் இந்தியாவுக்குப் புறப்பட்ட போர்த்துக்கீசியக் கப்பல்களில் ஜெர்மானிய வணிகர் இட்ட முதலில் அக்குடும்பத்தின் பங்கும் உண்டு. நம் மேற்குக் கரை மிளகின் மணம் அப்பணத்திலும் சிறிது கலந்திருக்கும். 1519-இல் ஐந்தாம் சார்லஸ் பேரரசராகத் தேர்வுபெற, வாக்குரிமை பெற்ற இளவரசர்களுக்கு இறைக்கப்பட்ட ஏறத்தாழ 8,50,000 குல்டனில் 5,40,000-க்கு மேல் ஃபுக்கர் தந்த கடன். மைன்ஸ் பேராயர் தம் பதவிக்காக அவரிடம் பட்ட கடனை அடைக்கவும், உரோமையில் புனித பேதுரு பேராலயத்தைக் கட்டவுமே ஜெர்மனியில் பேறுபலன்கள் விலைபேசப்பட்டன. 1517-இல் லூத்தர் எழுப்பிய எதிர்ப்பின் பின்னணி இது. குருவாகிய நான் இதனை மறைத்து எழுதுவது முறையன்று.

செம்பு வணிகத்தில் ஃபுக்கரின் கூட்டாளியாக இருந்தவர் ஜார்ஜ் துர்சோ, உறவினரும்கூட. அவர் வணிகத்தை விட்டு ஓய்வு பெற்றபின் ஃபுக்கருக்கும் அதே அறிவுரையைக் கூறினார்: ஈட்டியது போதும், இனிப் பிறருக்கு வழிவிட்டு அமைதியாக வாழலாமே என்று. ஃபுக்கர் இசையவில்லை. தம் எண்ணம் வேறு என்றும், இயலும் வரையில் ஈட்டுவதே தம் விருப்பம் என்றும் விடை தந்தார். முதலாளியத்தின் தோற்றத்தைச் சமய நெறியோடு தொடர்புபடுத்தி ஆராய்ந்த மாக்ஸ் வேபர் இவ்விடையை எடுத்துக்காட்டியதால் அது உலகெங்கும் பரவிற்று.

இதைப் படிப்பவர் உடனே லூக்கா நற்செய்தியின் அறிவற்ற செல்வனை நினைப்பர். நானும் குருமடத்தில் அவ்வாறே எண்ணினேன். உவமையை மீண்டும் நிதானமாகப் படித்தபோதுதான் வேறுபாடு புலப்பட்டது. களஞ்சியங்களை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்தவன், பல ஆண்டுகளுக்கு வேண்டியதைச் சேர்த்த பிறகு உண்டு குடித்து இன்புறலாம் எனத் தன் நெஞ்சோடு பேசினான். ஓய்வுக் காலத் திட்டம் தீட்டியவன் அவனே! முதலில் சேர்த்தல், பின்பு வாழ்தல் என்று ஆயுளை இரு கூறாக்கியவன். இரண்டாம் கூறு வருமுன் இரவு வந்துவிட்டது. ஃபுக்கரிடம் அத்தகைய கூறுபாடு இல்லை. இரவில் சட்டையைக் கழற்றும்போதே வணிகக் கவலைகளையும் கழற்றி வைத்துவிட்டு நிம்மதியாக உறங்குவதாக அவர் கூறியதாய்ச் சொல்வர்.

நம் பங்குகளில் அந்தச் செல்வனின் பேச்சை எத்தனை நல்லவர்கள் பேசுகிறார்கள்! வருங்கால வைப்பு நிதியும் சீட்டும் கட்டி, பிள்ளைகளின் படிப்பு, திருமணம் என ஒவ்வொன்றாய் முடித்துவிட்டு, "ஓய்வு பெற்றபின் பார்த்துக்கொள்வோம்" என்று மனைவியோடு வேளாங்கண்ணிக்குப் போவதைக்கூடத் தவணை சொன்ன ஒருவரை அறிவேன். பணிக்கொடை கைக்கு வந்த ஆண்டிலேயே அந்த அம்மையாருக்கு நான் அடக்கத் திருப்பலி நிறைவேற்றினேன். அவர் சேமித்தது தவறா? அந்தப் பணத்தில்தான் மருத்துவச் செலவு முழுவதும் நடந்தது. ஒருவரிடமும் கை நீட்டவில்லை. ஆயினும் அவர் என்னிடம் சொன்னார்: "சாமி, பணக் கணக்கைச் சரியாத்தான் வச்சிருந்தேன். நாள் கணக்குத்தான் தப்பிப்போச்சு." மறுபுறம், வந்ததை வந்தவாறே செலவழித்துவிட்டு மக்கள் வீட்டுத் திண்ணையில் கூனிக்குறுகி அமர்ந்திருப்போரும் நம்மிடையே உண்டு. எறும்பிடம் பாடம் கேட்கச் சொல்லும் நீதிமொழிகள் நூல் அவர்களுக்காகவே எழுதப்பட்டது போலும். உழைப்பாளி சிறிதளவேனும் மிச்சம் பிடிக்கத்தக்க ஊதியம் பெறவேண்டும் என்று திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 1891-இலேயே தம் சுற்றுமடலில் வலியுறுத்தியிருக்கிறார். எனக்கும் ஐம்பது கடந்துவிட்டது. வங்கியில் சிறு வைப்புத்தொகை எனக்கும் உண்டு. அதன் முதிர்வு நாள் மனப்பாடமாய் இருப்பதை எண்ணிச் சில வேளை நாணுகிறேன்.

ஐம்பது வயதுக்குப்பின் ஃபுக்கர் எழுப்பிய கட்டடங்களின் காலவரிசையைப் பாருங்கள். 1509-இல், அவுக்ஸ்பூர்க் கார்மேல் துறவியரின் புனித அன்னாள் ஆலயத்தில், தம் குடும்பத்தாருக்குக் கல்லறைச் சிற்றாலயம் அமைக்கத் தொடங்கினார். 1512-இல் தமக்கென மாளிகை. இத்தாலியப் பாணியில் வளைவுத் தூண்கள் சூழ்ந்த முற்றத்துடன் அழகுறக் கட்டினார். 1514-இல் ஏழையர் குடியிருப்புக்கு நிலம் வாங்கினார். 1516-இல் நகர மன்றத்தோடு உடன்படிக்கை. 1521 ஆகஸ்டு 23-இல், மறைந்த தம் சகோதரர் உல்ரிக், ஜார்ஜ் ஆகியோர் பெயரையும் சேர்த்து அறக்கட்டளை ஆவணம். சாவுக்கான இடம், வாழ்வுக்கான இடம், அயலாருக்கான இடம் மூன்றும் ஏறத்தாழ ஒரே காலத்தில் எழுந்தன. ஒன்று முடிந்தபின் மற்றொன்று என்று அவர் காத்திருக்கவில்லை. வாரிசில்லாத அவர் அறத்தை உயிலுக்கு ஒத்திவைத்திருந்தால் யாரும் குறை கூறியிருக்கமாட்டார்கள். அவரோ, நகரின் பாதுகாவலரான புனித உல்ரிக் பெயரில் தம் கணக்கேட்டிலேயே ஒரு கணக்கைத் திறந்து, அறத்துக்கான பணத்தை அதில் வரவு வைத்தார். பேரரசருக்கு ஒரு பக்கம் இருந்ததுபோல் புனிதருக்கும் ஒரு பக்கம்! வணிகர் மொழியில் இதைவிடப் பெரிய வணக்கம் எதுவெனத் தெரியவில்லை.

பிச்சையெடுக்காது உழைத்தும் வறுமையில் வாடிய கத்தோலிக்கக் கைவினைஞர், கூலியாள் ஆகியோருக்கே இவ்வீடுகள். மேல்தளத்தில் ஒரு குடும்பம், கீழ்த்தளத்தில் ஒரு குடும்பம். ஒவ்வொன்றுக்கும் தனி வாசல். தனி வாசல் என்பது சிறு செய்தியன்று. ஏழைக்கும் தன் கதவைத் தானே தாழிட உரிமை வேண்டும். ஒரு குல்டன் வாடகையும் அதற்காகவே எனலாம்: அவர் தருமம் வாங்குபவர் அல்லர், குடியிருப்பவர். வாடகையோடு நாள்தோறும் பரலோக மந்திரம், அருள் நிறை மந்திரம், விசுவாச மந்திரம் ஆகியவற்றை அறம் செய்தோரின் ஆன்மாவுக்காக ஒப்புக்கொடுக்க வேண்டும். வணிகர் விண்ணகத்தோடும் பேரம் பேசினார் என்று ஒருகாலத்தில் நகைத்தேன். இப்போது அவ்வாறு தோன்றவில்லை. தமக்குப் பிறர் செபம் தேவை என்பதை எழுத்தில் ஒப்புக்கொண்ட செல்வர் எத்தனை பேர்?

ஃபுக்கர் 1525 டிசம்பர் 30-இல் இறந்தார். 1527-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அவர் விட்டுச்சென்றது 20 இலட்சம் குல்டனுக்கு மேல். அரசர்கள் கடனைத் திருப்பாமற் போகவே, 17-ஆம் நூற்றாண்டின் நடுவில் அவ்வணிக நிறுவனம் மறைந்தது. புனித அன்னாள் ஆலயம் லூத்தரன் சபையாரிடம் சென்றது. அவர் கல்லறை இன்று அவர்கள் ஆலயத்திலேயே உள்ளது. இசைமேதை மோட்சார்ட்டின் கொள்ளுத்தாத்தா, கொத்தனார் ஃபிரான்ஸ் மோட்சார்ட், 1681 முதல் 1694 வரை ஃபுக்கெராயில் குடியிருந்தவர். 1944 பிப்ரவரிக் குண்டுவீச்சில் குடியிருப்பின் பெரும்பகுதி தரைமட்டமாயிற்று. ஃபுக்கர் குடும்பத்தார் மீண்டும் எழுப்பினர். இன்று அறக்கட்டளையின் வருவாயில் பெரும்பங்கு அதற்குரிய காடுகளிலிருந்து வருகிறது. குடியிருப்போரில் முதியோர் பலர்.

இரவு பத்து மணிக்கு வாயில் அடைபடும். பிந்தி வருவோர் காவலருக்கு ஐம்பது சென்ட் தரவேண்டும்; நள்ளிரவு கடந்தால் ஒரு யூரோ. அது ஓராண்டு வாடகையைவிட அதிகம்.